பதினாலாம் வீட்டு வயர்

சியோம்புவாவின் வீட்டில் இன்டர்நெட் நின்றுபோய்ப் பதினோரு நாளாகிவிட்டது. இன்டர்நெட் பெட்டியில் பச்சையாக எரிய வேண்டிய விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. காலையில் எழுந்ததும் முகம் கழுவுவதற்கு முன்பே டிவி மேசைக்குக் கீழே குனிந்து அதைப் பார்ப்பாள். சிவப்பு. டீ போட்டுவிட்டு வந்து மறுபடி குனிவாள். அதே சிவப்பு.

மற்ற வீடுகளில் இன்டர்நெட் போனால் படம் பார்க்க முடியாது, பாட்டுக் கேட்க முடியாது. சியோம்புவாவுக்குப் பிழைப்பே அதில்தான். காது கேளாத நோயாளிகளுக்கும் டாக்டர்களுக்கும் நடுவில் இருந்து பேசித் தருவது அவள் வேலை. நைரோபியில் இருக்கும் ஒரு அமைப்பு அவளை அமர்த்தியிருந்தது. எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் டாக்டர் வாயால் சொல்வதை, மச்சாகோஸ் ஊரில் தன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து கையால் சொல்வாள். நோயாளி கையால் சொல்வதை வாயால் சொல்வாள். தம்பி மூமோவுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. அவனோடு சண்டை போட்டுச் சண்டை போட்டுக் கற்றுக்கொண்ட மொழி, நாற்பத்தோரு வயதில் அவளுக்குச் சோறு போட்டது.

இணைப்பு அறுந்த அன்று அவள் வோயி ஊர் ஆஸ்பத்திரியில் ஒரு பெண்ணுக்காகப் பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் பெயர் முகவாசி. ஏழு மாத கர்ப்பிணி, ரத்த அழுத்தம் அதிகம். டாக்டர், "இந்த மாத்திரையை நிறுத்தக் கூடாது" என்றார். சைகையில் 'மாத்திரை' முதலில் வரும், பிறகு 'நிறுத்து', கடைசியில்தான் 'கூடாது'. சியோம்புவா ஒரு உள்ளங்கையின் மேல் மற்றக் கையின் விளிம்பை வெட்டுவதுபோல வைத்தாள். அந்த இடத்தில் திரை உறைந்தது. போனில் டேட்டா போட்டு மறுபடி உள்ளே நுழைய இருபது நிமிடம் ஆயிற்று. அதற்குள் முகவாசி போய்விட்டாள். நர்ஸ் வேறு நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தலையாட்டிட்டுத்தானே போனா, புரிஞ்சிருக்கும்" என்றாள் நர்ஸ்.

எது புரிந்திருக்கும் என்பதுதான் சியோம்புவாவைத் தூங்கவிடவில்லை. முகவாசிக்கு எழுதப் படிக்க அவ்வளவாக வராது. மறுபடி பார்க்க வேண்டிய நாள் இந்தப் புதன்கிழமை. அன்றைக்குத் தானே திரையில் இருக்க வேண்டும் என்று அவள் அமைப்பிடம் சொல்லி வைத்திருந்தாள். போனில் பார்க்கலாம் என்றால், குன்றுக்குப் பின்னால் இருக்கிற அவள் கட்டடத்தில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். கை அசைவது பாதிதான் போய்ச் சேரும்.

இன்று செவ்வாய்.

கம்பெனிக்கு அவள் எத்தனை தடவை போன் செய்தாள் என்பதற்குக் கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் வேறொரு குரல், அதே கேள்வி.

"மேடம், பெட்டிய ஒரு தடவ அணைச்சுட்டுப் போட்டுப் பாத்தீங்களா?"

"பதினோரு நாளா அதத்தான்பா பண்ணிட்டு இருக்கேன். அந்த பட்டனே தேஞ்சுபோச்சு."

"சிரமத்துக்கு வருந்தறோம் மேடம். நாப்பத்தெட்டு மணி நேரத்துல ஆள் வந்துடுவாங்க."

ஆள் வரவில்லை. 'உங்கள் குறை தீர்க்கப்பட்டது' என்று செய்திதான் வந்தது. நான்கு தடவை வந்தது. நான்காவது தடவை வந்தபோது சியோம்புவா போனைச் சோபாவில் வீசினாள். பிறகு எடுத்து, கீறல் விழுந்ததா என்று பார்த்தாள்.

அன்று காலை அவள் பெட்டியை ஒரு துணியில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு கம்பெனி அலுவலகத்துக்கே கிளம்பிப் போனாள்.

அங்கே இரண்டு மேசைகள் இருந்தன. இடப்பக்கம் புகார் மேசை. அதன் முன்னால் சுவரை ஒட்டி இருபது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். வலப்பக்கம் புதிய இணைப்பு மேசை. அங்கே மெத்தை நாற்காலிகள், குடிக்கத் தண்ணீர், ஒரு கிண்ணத்தில் மிட்டாய்.

புகார் வரிசையில் அவளுக்கு முன்னால் நின்ற பெரிய அம்மாவின் கூடையிலும் ஒரு பெட்டி இருந்தது.

"உனக்கு எத்தன நாளு?" என்றாள் அந்த அம்மா.

"பதினொண்ணு."

"எனக்குப் பத்தொம்போது. நீ இன்னும் சின்னப் புள்ள. இன்னிக்கும் ஆகலேன்னா இத மார்க்கெட்ல தக்காளிக் குவியலுக்கு நடுவுல வச்சு வித்துட்டுப் போயிடறேன்."

வரிசை சிரித்தது. நகரவில்லை.

சியோம்புவாவின் முறை வந்தபோது மேசைக்குப் பின்னால் இருந்த இளைஞன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவன் கண்கள் சிவந்திருந்தன. "நாப்பத்தெட்டு மணி நேரம்…" என்று ஆரம்பித்தான்.

"போன செவ்வாயும் போன்ல இதத்தான் சொன்னாங்க."

அவன் பேனாவைக் கீழே வைத்தான். "அக்கா, நான் எழுதி அனுப்பறேன். அதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணுமில்ல. யார் படிக்கிறாங்கன்னு எனக்கே தெரியாது. சத்தியமா."

அவன் பொய் சொல்லவில்லை என்று தெரிந்ததில் அவளுக்கு ஆத்திரம் இன்னும் கூடியது. திட்டுவதற்கும் ஆள் இல்லாமல் போயிற்றே. திரும்பியபோது, வலப்பக்கம் ஒரு கடைக்காரர் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு எழுந்திருப்பதைப் பார்த்தாள். மேசைக்காரப் பெண் அவரிடம், "இன்னிக்கு மூணு மணிக்குள்ள ஆள் வந்துடுவாரு சார்" என்றாள்.

இன்றைக்கு. மூன்று மணிக்குள்.

சியோம்புவா இரண்டு எட்டு வைத்து வலப்பக்கம் போய் மெத்தை நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அந்தப் பெண்ணின் சட்டையில் துங்கே என்று பெயர் குத்தியிருந்தது. "வாங்க, புது இணைப்பா? யார் பேருல?"

"மூமோ. என் தம்பி."

"எந்த வீடு?"

"சி கட்டடம், ஒம்போதாம் நம்பர்."

துங்கே தட்டச்சு செய்தாள். கை நின்றது. திரையைப் பார்த்தாள். சியோம்புவாவின் பையைப் பார்த்தாள். துணிக்குள்ளிருந்து பெட்டியின் வால் வயர் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. சியோம்புவா அதை மெதுவாக உள்ளே தள்ளினாள்.

"தம்பி தனி ரூம்ல இருக்காரா?" என்றாள் துங்கே.

"ஆமா. தனி ரூம்."

"அப்ப தனி இணைப்பு வேணும்தான்" என்று சொல்லிவிட்டு துங்கே மீதியைத் தட்டினாள். "மிட்டாய் எடுத்துக்கோங்க."

இரண்டு மணிக்கெல்லாம் கதவு தட்டப்பட்டது. தலையில் ஹெல்மெட், தோளில் வயர்ச் சுருள், கீழே மோட்டார் சைக்கிளில் கட்டிய ஏணி. முப்பது வயதிருக்கும். கன்னம் ஒட்டிய முகம்.

"மூமோன்றவரு வீடு இதானா? நான் கியாலோ, நெட் போட வந்தேன். ஆறு தடவ போன் அடிச்சுட்டேன், எடுக்கவே மாட்டேங்கறாரு."

மூமோ கொத்து வேலையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்திருந்தான். மேசையில் உட்கார்ந்து சோளமும் பயறும் கலந்து வெந்த முதோகோயை அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். போன் தட்டுக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

"இவருதானா? போன் பக்கத்துலயே இருக்கு! நான் வெயில்ல நின்னு…"

"தம்பி, அவனுக்குக் காது கேக்காது."

கியாலோவின் வாய் திறந்தபடி நின்றது. மூமோ இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அக்காவிடம் கையால் கேட்டான். அவள் சொன்னாள். மூமோ தோள் குலுங்கச் சிரித்துவிட்டு ஏதோ சைகை காட்டினான்.

"என்ன சொல்றாரு?"

"ஆறு தடவ அடிச்சியே, நல்ல பொறுமைசாலி, சித்தாள் வேலைக்கு வர்றியான்னு கேக்கறான்."

கியாலோவும் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்போடு உள்ளே வந்தவன், டிவி மேசைக்குக் கீழே அவள் திரும்ப மாட்டியிருந்த பெட்டியைப் பார்த்தான். "இங்கதான் ஏற்கெனவே பெட்டி இருக்கே."

இதற்கு மேல் மறைத்துப் பயனில்லை. சியோம்புவா எல்லாவற்றையும் சொன்னாள்: பதினோரு நாள், நான்கு செய்தி, மெத்தை நாற்காலி. கியாலோ ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"எங்க கதைய நீங்களே கண்டுபுடிச்சுட்டீங்க" என்றான் கடைசியில். "நான் கம்பெனி ஆள் இல்லக்கா. கூலிக்கு வேல செய்யறவன். புது இணைப்பு போட்டாத்தான் கூலி. பழசச் சரி பண்ணினா ஒண்ணும் கிடையாது, பெட்ரோல்கூட எங்க கைக் காசு. அப்புறம் யாரு வருவா, சொல்லுங்க?"

"வந்ததுதான் வந்துட்ட. என்னன்னு ஒரு தடவ பாத்துடு."

கட்டடத்துக்குப் பின்னால் கம்பம். சியோம்புவா ஏணியைப் பிடித்துக்கொள்ள, கியாலோ ஏறிக் கறுப்புப் பெட்டியைத் திறந்தான். அதில் எட்டுத் துளைகள். எட்டிலும் வயர். இடமில்லாத சில வயர்கள் வெளியே சுருண்டு தொங்கின. அவற்றில் ஒன்பது என்று எழுதியிருந்த ஒன்றின் முனையில் நீல டேப் நேர்த்தியாகச் சுற்றியிருந்தது. கியாலோ அதைக் கையில் எடுத்துப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"என்னப்பா, குளவிக் கூடா?"

அவன் இறங்கி வந்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அக்கா, இந்த டேப் நான் சுத்தினது."

"என்னது?"

"பதினோரு நாள் முன்னாடி ஏ கட்டடத்துல ஒருத்தருக்குப் புது இணைப்பு. இங்க வந்தா இடமே இல்ல. இடமில்லன்னு திரும்பிப் போனா அன்னிக்கு என் பொழப்பு போச்சு, நாளைக்கு அந்த வேலத் தாள வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. எல்லாரும் இதத்தான் பண்றோம். ஒண்ணப் புடுங்கி, ஒண்ணச் சொருகறது. மேல ஏறினா வயர்தான்கா தெரியும். ஆளு தெரியாது."

சியோம்புவா ஏணியிலிருந்து கையை எடுத்தாள். முகவாசியைப் பற்றிச் சொன்னாள். கை 'நிறுத்து'வில் நின்றதை, தன் கையாலேயே அவனுக்குக் காட்டினாள். "இதோ, இந்த இடத்துலதான் நீ புடுங்கின" என்றாள். கியாலோ தன் கைகளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"நாளைக்கு அந்தப் பொண்ணு மறுபடி வர்றா" என்றாள் சியோம்புவா. "நான் இருந்தே ஆகணும்."

கியாலோ மேலே பார்த்தான். "இப்ப போட்டுத் தர்றேன். பதினாலாம் வீட்டு வயர எடுத்துடலாம். ரெண்டு வருஷத்துல அந்த ஆளு ஒரு புகார் பண்ணினதில்ல. அமைதியான மனுஷன்."

பதினாலாம் வீடு யாருடையது என்று சியோம்புவாவுக்குத் தெரியும். முதிந்தா. மாவு மில்லில் ராத்திரி வேலை பார்க்கிறவர். மனைவி கனினி கத்தாரில் வீட்டு வேலைக்குப் போய் மூன்று வருடம். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாகத் துவைத்து, சமைத்து, பள்ளிக்கு அனுப்பிக் காலம் தள்ளுகிறார். மாடிப்படியில் எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிடுவார்.

அவளுக்கு எல்லாம் தெரியும். அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "போடு" என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது விளக்கு பச்சையாக எரிந்தது. என்ன கோளாறு என்று மூமோ கேட்டான். வயர் கழன்றிருந்ததாம் என்று கையால் சொன்னாள். வாயால் பொய் சொல்கிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். கையால் சொல்லும்போது முகமும் சேர்ந்து பொய் சொல்லியாக வேண்டும். மூமோ அவளை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்துவிட்டுத் தட்டைக் கழுவப் போனான்.

புதன்கிழமை பத்து மணிக்கு முகவாசி திரைக்குள் வந்தாள். பாதங்கள் வீங்கியிருந்தன. உட்கார்ந்ததுமே டாக்டரை விட்டுவிட்டு சியோம்புவாவைப் பார்த்துக் கையை வீசினாள்.

'உன் கை அந்தரத்துல நின்னுச்சு. நிறுத்துன்னு சொன்ன. நிறுத்தினேன். நாலு நாள். தலை பொளந்துடுச்சு. அப்புறம் நாத்தனார்தான் மருந்துக்கடைல கேட்டு மறுபடி போடச் சொன்னா. உன்மேல எனக்குக் கோபம்.'

சியோம்புவா அதை ஒரு சொல் விடாமல் டாக்டருக்கு வாயால் சொன்னாள். 'உன்மேல எனக்குக் கோபம்' என்பதையும் சொன்னாள். அதுதான் அவள் வேலை. அதன் பிறகு டாக்டரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, தன் பங்குக்கு, 'மன்னிச்சுடு. என் லைன் அறுந்துபோச்சு. கடைசிச் சொல்லு உங்கிட்ட வந்து சேரல' என்றாள். டாக்டர் அழுத்தம் பார்த்தார். அதிகம்தான். இரண்டு நாள் ஆஸ்பத்திரியிலேயே தங்கட்டும் என்றார். குழந்தையின் இதயத் துடிப்பை நர்ஸ் ஒலிபெருக்கியில் போட்டாள். சியோம்புவா அதைக் கேட்டு, அதன் வேகத்தைக் கையால் தட்டிக் காட்டினாள். தட், தட், தட். முகவாசியின் முகம் இளகிற்று. கோபம் முழுக்கப் போகவில்லை, ஆனாலும் இளகிற்று.

வியாழக்கிழமை மாடிப்படியில் முதிந்தா எதிரே வந்தார். வழக்கம்போல ஒதுங்கினார். ஆனால் போகவில்லை.

"முத்தேயு அம்மா, ஒரு நிமிஷம்." போர்டிங் பள்ளியில் படிக்கிற அவள் மகள் பெயரைச் சொல்லித்தான் கட்டடத்தில் எல்லாரும் கூப்பிடுவார்கள். "எங்க வீட்ல நெட் போயிடுச்சு. செகப்பு வெளக்கு. உங்களுக்கும் போயிருந்துச்சில்ல? எப்படிச் சரி பண்ணீங்க?"

"அது… தானா வந்துடுச்சு."

"தானாவா?" அவர் நம்பியதுபோலத் தெரிந்தது. "அப்ப எங்களுக்கும் வந்துடும். நாளைக்கு வெள்ளிக்கெழம. கனினிக்கு அன்னிக்குத்தான் லீவு, நாலு மணிக்குக் கூப்புடுவா. பசங்க வாரம் பூரா அதுக்குத்தான் காத்துட்டு இருப்பாங்க. போன்ல பேசலாம்னா மொகம் கட்டம் கட்டமா ஒடஞ்சு வருது. சின்னவன் அழுதுடறான். அது அம்மா இல்லேன்றான்."

"வந்துடும்" என்றாள் சியோம்புவா. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அங்கேயே நின்றாள்.

அன்று முழுக்க அவள் அந்தப் பச்சை விளக்கின் பக்கம் குனியவே இல்லை. தான் செய்தது கியாலோ செய்ததைவிட மோசம் என்று தோன்றியது. அவனுக்காவது வயர்தான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் படியேறிப் பதினாலாம் கதவைத் தட்டினாள். முதிந்தா திறந்தார். பத்து வயது கசீவா முடி பின்னிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைக் கவுன் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சின்னவன் தலையில் எண்ணெய் மின்னியது. எதிரே மேசையில் போனைச் சாய்த்து வைத்திருந்தார்கள்.

சியோம்புவா வாசலில் நின்றபடியே சொன்னாள். முகவாசியைப் பற்றி முதலில் சொல்லலாம் என்று நினைத்திருந்தாள். சொன்னால் அது சாக்காகிவிடும் என்று விட்டுவிட்டாள். "உங்க வயரப் புடுங்கித்தான் எனக்குப் போட்டாங்க. யாரோடதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் போடச் சொன்னேன். நேத்து உங்ககிட்ட பொய் சொன்னேன்."

முதிந்தா ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"செவ்வாக்கெழம ஜன்னல்லருந்து பாத்தேன்" என்றார். "நீங்க ஏணியப் புடிச்சுட்டு நின்னீங்க. பரவால்லயே, கட்டடத்துக்கே சேத்து ஆளக் கூட்டிட்டு வந்திருக்காங்களேன்னு நெனச்சேன்."

அவள் தலை குனிந்தாள்.

"என்கிட்ட கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே. வெள்ளிக்கெழம ஒரு நாளுதானே எங்களுக்கு வேணும்?"

"கேட்டிருக்கணும். கேக்கல. இப்ப கீழ வாங்க. பசங்களக் கூட்டிட்டு வாங்க. எங்க வீட்ல நெட் இருக்கு."

"வேண்டாம் மேடம்" என்றார் முதிந்தா. 'முத்தேயு அம்மா' போய்விட்டது.

ஆனால் கசீவா அதற்குள் எழுந்துவிட்டாள். தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, அப்பாவையும் பார்க்காமல் சியோம்புவாவையும் பார்க்காமல் இருவருக்கும் நடுவில் புகுந்து படியிறங்கிப் போனாள். பெரியவர்கள் சண்டையை முடித்துக்கொண்டு வரட்டும், நாலு மணி யாருக்காகவும் நிற்காது என்பதுபோல இருந்தது அவள் நடை.

கனினியின் முகம் சியோம்புவாவின் பெரிய திரையில் உடையாமல் வந்தது. சின்னவன் கிட்டே போய்த் திரையின் மூக்கைத் தொட்டான்.

"இது யாரு வீட்டு சோபா?" என்றாள் கனினி உடனே. "எங்க இருக்கீங்க? அப்பா எங்க?"

"படில உக்காந்திருக்காரு" என்றாள் கசீவா. "கோவமா."

"யாரு மேல?"

"இந்த அத்த மேல. அத்த நம்ம நெட்டத் திருடிட்டாங்க. ஆனா திருப்பித் தர்றாங்க."

கனினி ஒரு கணம் திகைத்து, பிறகு கத்தார் வரைக்கும் கேட்க வேண்டிய சத்தத்தை அங்கிருந்து இங்கே போட்டாள். "முதிந்தா! உள்ள வாங்க! வாரத்துல ஒரு நாள் உங்க மூஞ்சியப் பாக்கறேன், அதையும் படிக்குக் காட்டிட்டு உக்காந்திருக்கீங்களா?"

முதிந்தா வந்தார். சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார். சியோம்புவா அடுக்களைக்குள் போய் டீ வைத்தாள். ஒரு மணி நேரம் அவள் வெளியே வரவில்லை.

மூமோ வேலை முடிந்து வந்தபோது வீடு நிறைய ஆட்கள். என்ன என்று கேட்டான். இந்தத் தடவை சியோம்புவா உண்மையைச் சொன்னாள், எட்டுத் துளையிலிருந்து எல்லாவற்றையும். மூமோ சிமென்ட் படிந்த விரல்களோடு யோசித்தான். பிறகு முதிந்தாவையும் சேர்த்துப் பார்த்துப் பேசினான். சியோம்புவா அதை வாயால் சொன்னாள்:

"பழைய ஆளுங்க அவங்க கண்ணுக்குத் தெரியறதில்ல. புது ஆளுங்கதான் தெரியறாங்க. அப்ப நாம எல்லாரும் புது ஆளா ஆயிட்டா என்னன்னு கேக்கறான்."

முதிந்தா அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். சியோம்புவாவைப் பார்த்தல்ல, மூமோவைப் பார்த்து.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் இருவரும் கட்டடத்தின் கதவுகளைத் தட்டினார்கள். மேல் மாடிகளில் முதிந்தா, கீழே சியோம்புவா. போகப் போகத்தான் தெரிந்தது, இப்படி மாற்றி மாற்றிப் பிடுங்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று. இரண்டாம் மாடி டீச்சர் தன் பிள்ளை பெட்டியில் டீயைக் கொட்டிவிட்டான் என்று நினைத்து அவனை அடித்திருந்தாள். கீழ்வீட்டுக்காரர் பக்கத்து வீட்டோடு பேச்சையே நிறுத்தியிருந்தார், அவர்கள்தான் வயரை அறுத்தார்கள் என்று.

திங்கள் காலை பதினோரு பேர் கம்பெனி அலுவலகத்தின் வலப்பக்கம் போய் உட்கார்ந்தார்கள். மெத்தை நாற்காலிகள் போதவில்லை. மிட்டாய்க் கிண்ணம் காலியாயிற்று. அண்ணன் பெயரில், மருமகன் பெயரில், கல்யாணத்துக்கு முந்திய பெயரில் என்று ஆளுக்கொரு புதிய இணைப்புக் கேட்டார்கள்.

துங்கே ஒவ்வொன்றாகத் தட்டினாள். "சி கட்டடத்துல திடீர்னு இத்தன பேரு குடி வந்துட்டாங்களா?"

"நல்ல கட்டடம்மா" என்றார் முதிந்தா. "காத்தோட்டமா இருக்கும்."

துங்கே முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. குனிந்து, சியோம்புவாவுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "புகார்னு எழுதினா யாரும் படிக்க மாட்டாங்கக்கா. வாங்கறதுக்குப் பதினோரு ஆளு நிக்கறாங்க, சொருக இடமில்லன்னு எழுதினா நைரோபில பெரியவரே படிப்பாரு. எழுதறேன்."

புதன்கிழமை ஒரு லாரி வந்தது. பதினாறு துளைப் பெட்டி ஒன்றைக் கம்பத்தில் மாட்டிவிட்டுப் போயிற்று. பின்னாலேயே கியாலோ பதினோரு தாள்களோடு வந்தான். ஒரே நாளில் இத்தனை கூலியை அவன் இதுவரை பார்த்ததில்லை. அதைச் சொல்லும்போது வெட்கப்பட்டான். தாள்களில் புதுப் பெயர்கள் இருந்தாலும் அவன் சொருகியது பழைய வயர்களைத்தான். ஏறுவதற்கு முன்னால் பதினாலாம் வீட்டுக்குப் போனான். முதிந்தா கதவைத் திறந்து அவனை உள்ளே விடாமல் நின்றார்.

"நான்தான் உங்க வயர எடுத்தவன்" என்றான் கியாலோ.

"தெரியும்."

"இப்ப போட்டுடறேன். மொதல்ல உங்களுதுதான்."

"போடு. போட்டுட்டு வா, டீ இருக்கு." குரலில் இனிப்பு இல்லை. டீயில் இருந்தது. கியாலோ நின்றபடியே குடித்துவிட்டுப் போனான்.

முகவாசிக்கு ஜூலையில் ஆண் குழந்தை பிறந்தது. அன்றைக்கு வேறொரு ஊரில் இருந்த வேறொரு பெண் கைமொழி பேசினாள். சியோம்புவாவுக்குச் செய்தி மட்டும் வந்தது. கம்பெனியிலிருந்து, சி கட்டடத்தில் பதினோரு புதிய குடும்பங்கள் சேர்ந்ததற்கு வாழ்த்துச் சொல்லி ஒரு தட்டி கொண்டுவந்து வாசலில் கட்டினார்கள். அதைப் பார்த்து அந்த வழியே போகிறவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

முதிந்தா மட்டும் சிரித்தாலும் அளவாகச் சிரித்தார். படியில் ஒதுங்கி வழிவிட்டார். "வணக்கம் மேடம்" என்றார். வெள்ளிக்கிழமைகளில் மேலேயிருந்து கனினியின் குரலும் பிள்ளைகளின் கூச்சலும் கேட்கும்போது சியோம்புவா டிவியின் சத்தத்தைக் குறைத்துக்கொள்வாள். தனக்கு அதற்கு மேல் எதையும் கேட்க உரிமையில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

ஆகஸ்டில் ஒரு காலை, ஏழரை மணி. அவள் வேலைக்கு உட்காரப் போகும் நேரத்தில் மேலே கதவு திறந்தது. படிக் கைப்பிடியின் மேல் குனிந்து யாரோ கூப்பிட்டார்கள்.

"முத்தேயு அம்மா! உங்க வீட்ல வெளக்கு எரியுதா பாருங்க!"

அவள் குனிந்து பார்த்தாள். வெளியே வந்து அண்ணாந்தாள். "செகப்பு! உங்க வீட்ல?"

"செகப்புதான். டீச்சர் வீட்லயும் செகப்பு. கீழ் வீட்லயும்." முதிந்தா பாதி படி இறங்கி வந்திருந்தார். ராத்திரி வேலை முடிந்து வந்த மாவு இன்னும் புருவத்தில் ஒட்டியிருந்தது. "இந்தத் தடவ நீங்க யாருதயும் புடுங்கலயே?"

அவர் அதைக் கேட்ட விதத்தில் அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "இல்லண்ணே. மொத்தமா போயிருக்கு."

"அப்ப வாங்க, மொத்தமாவே போய்க் கேப்போம்" என்றார் முதிந்தா. சியோம்புவா இன்று வேலைக்கு உட்கார முடியாது என்று நைரோபி அமைப்புக்கு ஒரு செய்தி தட்டிவிட்டு, பெட்டியைத் துணியில் சுற்றாமல் அப்படியே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, செருப்பை மாட்டினாள்.